விலை கேட்காத வீடு

துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்று கேட்டால் கண்ணாயிக்குச் சொல்லத் தெரியாது. செம்மநத்தத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்களில் யாரைக் கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். ஏற்காட்டில் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிற கண்ணாயிக்குத்தான் தெரியாது. விவரம் போதாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் மாசக் கணக்குக்காரி. மாசக் கணக்குக்காரர்கள் விலை கேட்பதில்லை.

ஏற்காட்டில் செம்மநத்தம் பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே பாலசுப்பிரமணியத்தின் மளிகைக்கடை. சேலத்திலிருந்து மேலே வந்து கடை போட்டவர். அங்கே ரொக்கக்காரர்கள் படியில் நிற்பார்கள். விலை கேட்பார்கள், தராசு முள்ளைப் பார்ப்பார்கள், இது வேண்டாம் அதைக் கொடு என்பார்கள். கணக்குக்காரர்களுக்கு உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்பு நாற்காலி கிடக்கும். போய் உட்கார்ந்து வேண்டியதைச் சொன்னால் போதும். சிட்டையில் எழுதிக்கொண்டு, கட்டி, பஸ்ஸிலும் ஏற்றிவிடுவார். அவர் நிறுத்துக் கொடுப்பதுதான் எடை, எழுதுவதுதான் விலை. மீறிக் கேட்டால் அந்த மனிதர் ஒன்றும் சொல்ல மாட்டார். முகம் மட்டும் லேசாக வாடும். அந்த வாட்டத்தைப் பார்ப்பதற்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடவே போகட்டும் என்று ஆகிவிடும்.

அந்த நாற்காலி எல்லாருக்கும் கிடைக்காது. எஸ்டேட் ரைட்டருக்குக் கிடையாது. தலைச்சோலையில் பத்து ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கும் கிடையாது. அரசாங்கச் சம்பளம் வேண்டும். யாருக்காவது வேலைக்கு ஆர்டர் வந்தது என்று காதில் விழுந்தால் பாலசுப்பிரமணியம் கால் கிலோ கற்கண்டு பொட்டலம் கட்டி, "மொத இனிப்பு நம்ம கடையிலதானுங்க" என்று கையில் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அன்றைக்கே நாற்காலி, அன்றைக்கே சிட்டை. முதல் சம்பளம் வருவதற்கு எப்படியும் இரண்டு மூன்று மாதம் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதுவரைக்கும் அவர்தான் சோறு.

கண்ணாயியின் வீட்டுக்குள் அந்தக் கற்கண்டு இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை அவள் புருஷன் சித்தன் கொண்டுவந்தான். சாலைப் பணியாளர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தான். அவர்கள் வகையறாவில் சாமை விதைத்தவர்கள் உண்டு, எஸ்டேட்டில் கவாத்து அடித்தவர்கள் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து மளிகை வாங்கியவர் அதுவரை கிடையாது. அந்தத் தலைக்கனத்தில் சித்தன் இன்னொரு காரியமும் செய்தான். "சம்பளக்காரன் ஊட்டுல ரேசன் அரிசியா?" என்று குடும்ப அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொண்டு வந்தான். அரிசி நின்றது நின்றதுதான். திரும்ப மாற்றித் தரும்படி கண்ணாயி பின்னாளில் எழுதிக் கொடுத்ததெல்லாம் எங்கே போனதோ.

சித்தன் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகன் வெங்கடேஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். காரியத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பாலசுப்பிரமணியம் ஒரு ஜீப்பில் போட்டு அனுப்பினார். வாரிசு வேலைக்கு எழுதிப் போட்டு, அந்தக் காகிதம் மேஜை மேஜையாக உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் அவர்தான் கொடுத்தார். ஒரு நாள்கூட, "எப்பங்க தருவீங்க" என்று கேட்டதில்லை. சொந்த அண்ணன்கள் எட்டிப் பார்க்காத காலம் அது. அவர் கேட்டிருந்தால், ஒரு வார்த்தை திட்டியிருந்தால், கண்ணாயி கடனை அடைத்த கையோடு வேறு கடைக்குப் போயிருப்பாள். திட்டாத மனிதரை என்ன சொல்லி விட்டுப் போவது?

வேலைக்கு ஆர்டர் வந்தது. இரண்டாவது கற்கண்டும் வந்தது. சித்தன் பேரை அடித்து அதே சிட்டையில் கண்ணாயி என்று எழுதினார். பழைய பாக்கியைத் தீர்க்கவே மூன்று வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகாவது விடிந்ததா என்றால், இல்லை. சம்பளம் ஏறிய அன்று போன மாதத்துப் பாக்கியைக் கட்டுவாள். வீட்டுக் கடன், வெங்கடேஷ் படிப்புக்கு வாங்கிய சொசைட்டிக் கடன் எல்லாம் பிடித்தது போக மிஞ்சுவதை அங்கே வைத்துவிட்டு வெறும் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து இந்த மாதத்துச் சாமானைச் சொல்லுவாள். வருஷக்கணக்காக இதே கதை. தின்று தீர்த்ததற்குத்தான் அவள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். தின்னப்போவதற்கு ஒரு தடவையும் வாங்கியதில்லை. இத்தனைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்துவிட்டால் அவளும் படியில் நின்று பருப்பு என்ன விலை என்று கேட்கலாம். பொங்கல் போனஸை நம்பினாள், அது கூரை ஓட்டுக்குப் போயிற்று. பண்டிகை முன்பணத்தை நம்பினாள், அது நாத்தனார் மகள் சீருக்குப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அழுகை வரும். அழுதுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்வாள்.

ஒரு முறை தப்பிக்கப் பார்த்தாள், அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் அவளோடு வேலை பார்க்கிற ஆரோக்கியசெல்வியும் மாசக் கணக்குதான். இருவரும் பயிற்சி வகுப்பு என்று சேலம் போயிருந்தார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் எண்ணெயும் சோப்பும் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன. ஆசையை அடக்க முடியவில்லை. வாங்கி, பைக்கு அடியில் வைத்து, மேலே பழைய சேலையைப் போட்டு மூடி, இரண்டு கொலைகாரிகள் மாதிரி பஸ் ஏறினார்கள். ஏற்காட்டில் இறங்கி செம்மநத்தம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய இடம் எது? அந்தக் கடைக்கு எதிரேதான். வேறு இடமே கிடையாது. மலை ஏறிய குலுக்கலில் எண்ணெய் பாக்கெட் ஒன்று பிய்ந்திருந்தது கண்ணாயிக்குத் தெரியாது. பை சொட்டச் சொட்ட நின்றாள்.

பாலசுப்பிரமணியம் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"எண்ணெய் ஒழுவுதுங்களே அக்கா. பஸ்ஸுல சீட்டெல்லாம் ஆயிரும். இருங்க" என்றார். உள்ளே போய்த் தன் கடைப் பேர் போட்ட கெட்டிப் பை ஒன்றை எடுத்து வந்தார். சேலத்துச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அந்தப் பைக்குள் அவரே அடுக்கிக் கொடுத்தார். எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஆரோக்கியசெல்வி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாயிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு அவள் சேலத்தில் ஒரு சோப்புக் கட்டிகூட வாங்கியதில்லை.

இப்படியே ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் போன மாதம் வெங்கடேஷுக்கு ஆர்டர் வந்தது. பரீட்சை எழுதி, தன் மூளையால் வாங்கிய வேலை. கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இளநிலை உதவியாளர். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? கண்ணாயி அந்தக் காகிதத்தை வாங்கிச் சித்தன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அது கற்கண்டைப் பற்றிய பயம்.

அப்பன் போனான், ஆத்தாள் போனாள். மூன்றாவதாக இவனும் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்காரக் கூடாது. தன் கணக்கை முதலில் முடித்துவிட வேண்டும், பிறகு மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கடனில் உட்கார்ந்துகொண்டே கடன் வாங்காதே சாமி என்று சொன்னால் எவன் கேட்பான்?

தெய்வம் கண் திறந்த மாதிரி அப்போதுதான் சரண்டர் பணம் வரப்போகிற சேதி வந்தது. எடுக்காத விடுப்பை ஒப்படைத்தால் அதற்குச் சம்பளம் தருவார்களே, அது. சில வருஷமாக நிறுத்தி வைத்திருந்ததைத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாயி யாரிடமும் மூச்சு விடவில்லை. வெங்கடேஷிடம் வாயே திறக்கவில்லை. பையன் பைக் வாங்க முன்பணம், முன்பணம் என்று ஜபித்துக்கொண்டிருந்த நேரம். தெரிந்தால், "அம்மா, அதக் குடேன், சம்பளம் வந்ததும் தந்தர்றேன்" என்பான். மகன் கேட்டு இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது.

இன்னொன்றும் செய்தாள். கணக்கில் புதிதாக எதுவும் ஏறக் கூடாது என்று கடைப்பக்கம் போவதை நிறுத்தினாள். இருப்பதை வைத்து ஓட்டினாள். மிளகாய்த்தூள் தீர்ந்தது, தீரட்டும். எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்து வைத்து வடித்தாள். பருப்பு டப்பா காலி. பணம் கைக்கு வருகிற அன்றைக்குக் காலையில் அரிசிக் குண்டானையும் வழித்துக் கஞ்சி வைத்தாகிவிட்டது. வெங்கடேஷ் டப்பாக்களைத் திறந்து திறந்து பார்ப்பதை அவள் கவனிக்கத்தான் செய்தாள்.

"என்னமா, ஊட்ல ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டான்.

"எல்லாம் வரும் சாமி, நீ கெளம்பு" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு குஷி.

அன்று மாலை, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. பாலசுப்பிரமணியம் தூசி தட்டிப் போட்டார்.

"உக்காருங்கக்கா. நொம்ப நாளா ஆளையே காணோமே?"

"இல்லீங்கண்ணா. கணக்க முடிச்சுக்கலாம்னு வந்தனுங்க. இன்னைக்கு வரைக்கும் எவ்வளவோ பாத்துச் சொல்லுங்க, குடுத்தர்றேன்."

பயந்துகொண்டேதான் சொன்னாள். முகம் வாடும், என்ன குறை வைத்தேன் என்பார், அந்த இரண்டு வருஷத்தை ஞாபகப்படுத்துவார் என்று பஸ்ஸில் வரும்போதே பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவர் முகம் வாடவில்லை. சிட்டையை எடுத்துக் கூட்டினார். பணத்தை எண்ணி வாங்கினார். அவள் கண் முன்னாலேயே பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார்.

"அதுவுஞ் சரிதானுங்க. ஒரு ஊட்டுக்கு ரெண்டு கணக்கு எதுக்குங்க?" என்றார்.

அது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. புரிந்துகொள்கிற நிலையிலும் அவள் இல்லை. குறுக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பில் இருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. வெளியே வந்தாள். படியில் இறங்கி, ரொக்கக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். திரும்பிப் பார்த்து, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, தொவரம்பருப்பு கிலோ என்ன வெலைங்க?"

பாலசுப்பிரமணியம் தலை நிமிர்ந்து அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு சொன்னார். அவள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த விலையைவிட அது எவ்வளவு குறைச்சல் என்று அவளுக்குத் தெரிய நியாயம் இல்லை. ஆனாலும் அந்த விலையைக் கேட்டபோது காது குளிர்ந்தது. பக்கத்து மூட்டைப் பருப்பு என்ன விலை என்றும் கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள். கையில் அள்ளிப் பார்த்தாள், தராசு முள்ளைப் பார்த்தாள், அரை கிலோ வாங்கினாள், ரொக்கம் கொடுத்தாள். மீதி இருந்த சொற்பக் காசை அடுத்த சம்பளம் வரை அரிசிக்கும் எண்ணெய்க்கும் பிரித்துப் பிரித்து வைத்து ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். ராத்திரிச் சோற்றுக்கு ஊரில் யாரிடமாவது ஒரு படி அரிசி வாங்கிக்கொண்டால் ஆயிற்று. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பனி அடித்தது. அவள் கண்ணாடியை மூடவே இல்லை.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெங்கடேஷ் வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ண மூடும்மா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.

கண்ணைத் திறந்தாள். நடு வீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை நின்றது. பக்கத்தில் எண்ணெய் டின், பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், சோப்பு, தலைக்குத் தடவுகிற எண்ணெய் பாட்டில் வரைக்கும் எல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கெட்டிப் பையில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கடைப் பேர்.

"டப்பாவெல்லாம் காலியாக் கெடந்துச்சு. கேட்டா நீ ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கற. பணத்துக்கு முட்டுப்பாடுன்னு எனக்குத் தெரியாதாம்மா? மதியமே பெர்மிஷன் போட்டுட்டுப் போனேன். அவரே கூப்புட்டு நாற்காலி போட்டாரு. நான் உக்காராம நின்னதுக்கு, 'உங்கப்பா உக்காந்த நாற்காலிதான் கண்ணு, உக்காரு'ன்னாரு. எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் சாரு அப்பப் பாத்து உள்ள வந்தாரு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வாங்குனோம்மா!"

கண்ணாயி அந்தக் கடைப் பேரையே பார்த்தாள். ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்கு எதற்கு என்று அந்த மனிதர் சொன்னது இப்போது விளங்கியது. மகன் தாயின் சுமையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான், தாயும் அது தெரிந்துதான் தன் கணக்கை முடிக்க வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் மேல் கோபப்படக்கூட அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டப்பாக்களைக் காலியாக விட்டது யார்? வாயை மூடிக்கொண்டிருந்தது யார்? பைக்குக்குப் பயந்து மறைத்தாளே, அந்த ஒரு சொல்லைக் காலையில் சொல்லியிருந்தால் என்ன? அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"சாமி," என்றாள். "நாளைக்கு இதெல்லாம் திருப்பிக் குடுத்தரலாமா?"

"ஏம்மா?" சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "ஹெட்மாஸ்டர் சார் முன்னாடி வாங்கீட்டு வந்தது. திருப்பிக் குடுத்தா என்ன நெனைப்பாங்க? சம்பளம் வர ரெண்டு மூணு மாசம் ஆகும்னு அவருக்கே தெரிஞ்சிருக்குது. வந்ததும் ஒரே அடியாக் கட்டிரலாம்."

ஒரே அடியாக. சித்தனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான்.

அவள் குனிந்து பருப்புப் பொட்டலத்தை எடுத்தாள். தான் வாங்கி வந்த அரை கிலோவும் இன்னொரு கையில் இருந்தது.

"இது கிலோ என்ன வெலை போட்டாரு?"

வெங்கடேஷுக்குச் சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. "என்னம்மா நீ. நாம மாசக் கணக்கு. வெலையெல்லாம் கேக்கறதா? அசிங்கமா இருக்காது?"

அதைச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். கற்கண்டு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அப்பா படத்துக்கு முன்னால் ஒன்று வைத்தான். பெரிதாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தான்.

"வாயத் தொறம்மா."

இருபத்து மூன்று வயசுப் பிள்ளை, தன் வேலையில் தான் வாங்கி வந்த முதல் இனிப்பு. அவள் திறந்தாள். நாக்கில் இனித்தது. கண் நிறைந்து வழிந்தபோது மகன் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"பசிக்குதும்மா. ஒலை வைக்கட்டுமா?"

அரிசிக் குண்டான் காலையில் வழித்துக் கவிழ்த்தபடியே கிடந்தது. கண்ணாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் தைத்திருந்த சணல் நூலின் முனையைத் தேடிப் பிடித்து, அவளே இழுத்துப் பிரித்தாள்.